ஆற்றை ஆள்?

ஒருத்தரும் கேக்காமலே “மாணவர்கள் அனைவரும் பத்திரமாக உள்ளனர்” எண்டு பள்ளிக்கூடத்திலயிருந்து செய்தி வந்தால், எந்தத் தாய் நம்புவாள்? நிலாந்தினி அடுப்பை நிப்பாட்டினாளோ இல்லையோ, அவளுக்கே தெரியாது. பெற்றார் குழுவில வந்த அந்த வரிக்குக் கீழ இன்னும் இரண்டு வரி இருந்தது. வளாகத்தினுள் இனந்தெரியாத நபர். மாணவர்கள் மண்டபத்தில் வைத்துப் பூட்டப்பட்டுள்ளனர். அந்த மண்டபத்துக்குள்ளதான் அவளின்ர ஏழு வயசு வதனி இருந்தாள். பத்திரமாம்! பூட்டி வைக்கிறதுக்குப் பேர் பத்திரமோ?

ஊர்காவற்றுறை ரோட்டில ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு போகேக்க நேரம் பன்ரெண்டு. உச்சி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது, கரையில ஒதுங்கின சாதாளைப் பாசி வெயிலில அழுகி மணத்தது, பனங்காணிப் பக்கம் எப்பவும் சரசரக்கிற காவோலையள் கூட இண்டைக்கு அசையேல்லை, அந்தக் கடல் அழுகல் மணம் மட்டும் கரையை விட்டு உள்ளுக்கு வந்த பிறகும் அவளை விடாமல், பள்ளிக்கூடத்தைக் கிட்டக் கிட்டக் கூடிக்கொண்டே வந்தது. எண்பது பிள்ளையள் இருக்கிற இடம் காகக் கூட்டம் மாதிரி இரையவேணும். ஒரு இருமல் சத்தம் கூட இல்லை.

கேற்றடியில சீதேவியக்கா நிண்டா. வேலிக்கு அங்கால் பக்கத்து வீடு. ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு தொடங்கின பெற்றார் காவல் இஞ்ச இன்னும் நடக்குது. தாய் தேப்பன்மார் முறைவைச்சு வந்து கேற்றில நிக்கவேணும். இண்டைக்கு அக்காவின்ர முறை. “நான் நிக்கிறன்தானே, உம்மட பிள்ளைக்கு என்ன பயம்” எண்டு நேற்றுப் பின்னேரம் வேலிக்கு மேலால புட்டுக் கோப்பையை நீட்டிக்கொண்டு சொன்னவ.

“கேற்றைத் திறவுங்கோ அக்கா.”

“பொலிஸ் வருமட்டும் ஒருத்தரையும் விடவேண்டாமாம், நிலா.”

அவ நிலாந்தினியின்ர முகத்தைப் பாக்கேல்லை. திறப்புக் கோர்வை கையில கிலுகிலுத்தது.

“உங்கட தேனுஜன்? அவனும் உள்ளயோ?”

“அவனுக்குக் காய்ச்சல். இண்டைக்கு வரேல்லை.”

காய்ச்சலோ? காலமை அக்கா வெள்ளனக் காவலுக்கு வந்திட்டா எண்டு, அவனை வதனிக்குப் பின்னால இருத்திக் கொண்டுவந்து இறக்கினது நிலாந்தினிதானே? அவள் கேற்றுக் கம்பிக்குள்ளால எட்டிப் பாத்தாள். காவல் கொட்டிலின்ர கிடுகுத் தட்டிக்குக் கீழ வெள்ளைச் சொக்ஸ் போட்ட இரண்டு சின்னக் கால் தெரிஞ்சது.

“அடி பாவி!” அதோட அக்காவும் போச்சு, நீங்களும் போச்சு. “உன்ர பிள்ளையை எடுத்துப்போட்டோ என்ரயை உள்ள விட்டுப் பூட்டினனீ? திறவடி!”

சீதேவி திறந்தாள். திறந்துபோட்டு அப்படியே மண்ணில குந்தினாள்.

“ஒரு பொம்பிளை வந்தா. தலையெல்லாம் தண்ணி. ஆற்றை ஆள், ஆருக்குச் சொந்தம் எண்டு கேட்டன். சொல்லேல்லை, நிலா. கண் வெட்டாமல் நிண்டா. அந்த நேரம் பாத்து இவன் சாப்பாட்டுப் பெட்டிக்கு என்னட்டை ஓடி வந்தான். அவனைப் பாத்தா. பாத்து… அவன்ர முகம் மாதிரியே தன்ர முகத்தை மாத்திச் சிரிச்சா.”

“நீ என்ன சொன்னனீ?”

“வதனியின்ர ஆளோ எண்டு கேட்டன்.”

தீவுச் சனத்துக்கு உள்ள வியாதி அது. புதுமுகத்தைச் சும்மா விடேலாது. ஆற்றை ஆள் எண்டு கேக்கவேணும், வந்த ஆள் வாய் திறக்காட்டி நாங்களே ஒரு உறவைக் கண்டுபிடிச்சுக் குடுக்கவேணும், முருகேசுவின்ர தங்கச்சியோ, மண்டைதீவு மச்சாளோ எண்டு. ஆனால் இது வாய் தவறின கதை இல்லை. தன்ர பிள்ளையில விழுந்த கண்ணைத் திருப்பப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக் குடுத்திருக்கிறாள். எத்தனை நாள் ஒரு கோப்பையில கறி மாறிச் சாப்பிட்டவை!

“ஓம் எண்டவ. உம்மட குரலில.”

“ரீச்சருக்குச் சொன்னனியோ?”

சொல்லேல்லையாம். முற்றத்தால ஆரோ போறதைக் கண்ட ஜெயந்தா ரீச்சர், பிள்ளையள் எல்லாரையும் மண்டபத்துக்குள்ள தள்ளிப் பூட்டிப்போட்டு, திறப்புக் கோர்வையைச் சீதேவியிட்டைக் குடுத்திட்டு ரோட்டுக்கு ஓடினவ, பொலிசைக் கூட்டிவர. ஆள் முதலே மண்டபத்துக்குள்ள போனது அவவுக்குத் தெரியாது. சீதேவிக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கொண்டு, தன்ர பிள்ளையைக் கொட்டிலுக்குள்ள ஒளிச்சுப்போட்டு நிண்டிருக்கிறாள்.

நிலாந்தினி திறப்பைப் பறிச்சுக்கொண்டு ஓடினாள்.

மண்டபக் கதவுக்குக் கீழால தண்ணி கசிஞ்சுகொண்டிருந்தது. அந்த மணம். முதல் திறப்புப் பொருந்தேல்லை. இரண்டாவதும் இல்லை. விரல் வழுக்கினது. கோர்வை விழுந்தது.

யன்னல்! ஒரு கதவு திறந்து கிடந்தது. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு உள்ளுக்குப் பாத்தாள்.

பிள்ளையள் வரிசையா இருந்தினம். எல்லாரும் சுவரைப் பாத்தபடி. ஒருத்தரும் அசையேல்லை. வதனி மட்டும் யன்னலடியில நிண்டாள். தலை புதுசாப் பின்னியிருந்தது. பின்னலிலயிருந்து தண்ணி சொட்டினது.

“வதனி! அம்மா வந்திட்டன். இஞ்ச வா.”

வதனி நிமிர்ந்து பாத்தாள். வடிவாப் பாத்தாள். பிறகு ஒரு அடி பின்னால வைச்சாள்.

“அம்மா,” எண்டு உள்ளுக்குத் திரும்பிக் கூப்பிட்டாள். “ஆரோ நிக்கினம்.”

நிலாந்தினி கத்த வாயைத் திறந்தாள். தொண்டை அசைஞ்சது. சத்தம் வரேல்லை. திரும்பவும். வரேல்லை.

அவளின்ர குரல் மண்டபத்தின்ர இருட்டு மூலையிலயிருந்து வந்தது, ஆறுதலா, சிரிப்போட.

“யன்னலைச் சாத்து குஞ்சு.”

வதனி நுனிக்காலில எம்பினாள். தாயின்ர விரலுகளைக் கம்பியிலயிருந்து ஒவ்வொண்டாக் கழட்டி விட்டாள். கதவை இழுத்துச் சாத்தி, உள்ளுக்குக் கொளுக்கியைப் போட்டாள்.