கைகூப்பி நின்ற முதலாளி

தன் சொந்தக் கம்பெனியில் வேலை கேட்டு விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போய், அதில் தோற்றுத் திரும்பிய முதலாளி இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். திருச்செங்கோட்டு அர்த்தநாரி. நிலாவில் குடியேறியவர்களையும் கணக்கில் சேர்த்துத்தான் இதைச் சொல்வது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். அவருடைய மனைவியின் அண்ணன் நாச்சிமுத்துவே நம்பவில்லையே.

அர்த்தநாரிக்கு ஆழ்துளைக் கிணறு போடும் தொழில். துளை போடுகிற அவருடைய போர்வண்டிகள் தாமாகவே ஊர் ஊராகப் போய், தாமாகவே காலை ஊன்றி நின்று, பாறையைப் பொடியாக்கிவிட்டுத் திரும்பும். ஒருமுறை கென்யாவில் ஒரு வண்டி கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட, பூமிக்கு அந்தப் பக்கத்தில் யாரோ கோபமாகத் தட்டினார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அர்த்தநாரி அதை மறுத்ததில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு வலைமனை இல்லாமல் இருந்தது. ஊரில் பல்குத்தும் குச்சி விற்பவருக்கு வலைமனை இருந்தது. மலைமேல் திரியும் குரங்குகளுக்குத்தான் இல்லை. அவையும் விலை பேசிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. இணையதளம் என்ற ஒன்று சும்மா பார்த்துவிட்டுப் போகிற பக்கமாகக் கிடந்த காலமெல்லாம் முடிந்துவிட்டது. வலைமனை பேசும், விலை சொல்லும், வண்டி அனுப்பும், ஆளை வேலைக்கு எடுக்கும், ஆளை வீட்டுக்கு அனுப்பும். அது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கம்பெனியே சொன்ன மாதிரி. சட்டமே அப்படித்தான்.

ஆகவே ஈரோட்டிலிருந்து மிதுனா என்ற வலைக்கொத்தனாரை வரவழைத்தார். அந்தப் பெண் வந்து உட்கார்ந்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். வலைமனையின் முகவரி யார் பெயரில் இருக்க வேண்டும்? திறவுகோல் யாரிடம் இருக்கும்? அது என்னென்ன வேலை செய்யலாம், எதில் தலையிடக் கூடாது? உள்ளே என்ன வாசகம் எழுத வேண்டும்? ஒருநாள் வேண்டாம் என்று தோன்றினால் அதை மூடுகிற அதிகாரம் யாருக்கு?

அர்த்தநாரி எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "அதெல்லாம் நீங்களே பாத்துப் போட்டுக்கங்க அம்மிணி. மொதல்ல போட்டோவுக்கு வாங்க."

"சார், இதுக்குப் பதில் சொல்லாம மனை கட்டினா பின்னால சிக்கலாயிடுங்க."

"சிக்கலு போட்டோவுலதாம்மா வரும். எங்க சனத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

அதில் அவர் சொன்னது முழு உண்மை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தெருமுனையில் கட்டுகிற பேனரை எப்படி அமைப்பார்களோ, அப்படியே தன் வலைமனையின் முகப்பையும் அமைத்தார் அர்த்தநாரி. உச்சியில் அவருடைய தாத்தா குப்பண்ணன், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுழல. குப்பண்ணன் போய்ச் சேர்ந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அவருக்குக் கீழே பெரியப்பா, தாய்மாமன், கோயில் கமிட்டித் தலைவர், சம்பந்தி வகையறா. பெரியப்பாவின் முகம் தாய்மாமனைவிட ஒரு விரல்கடை சின்னதாகப் போய்விட்டதென்று வந்த சண்டையில் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோய், ஒரு நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது. பிறகு பெரியப்பாவின் மீசையைக் கொஞ்சம் அகலமாக்கிச் சமாதானம் செய்தார்கள். எல்லாருக்கும் இடம் கொடுத்த பிறகு, வழக்கப்படி, கீழ்மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு படம். இரண்டு கையையும் கூப்பியபடி அர்த்தநாரி.

நாச்சிமுத்து மட்டும் தன் படமே வேண்டாமென்று சொல்லிவிட்டார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மின்சாரத்தால் ஓடுகிற எதையும் அவர் முழுதாக நம்பியதில்லை.

வாசகத்துக்கு ராசிபுரத்துப் போட்டிக் கம்பெனியின் வலைமனையில் இருந்ததை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றிவிடச் சொன்னார் அர்த்தநாரி. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் படிக்கவில்லை. குரல் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று ஒருமணி நேரம் உட்கார்ந்து பேசிக் கொடுத்தார். நல்ல நேரம் பார்த்துத் திறந்தார்கள்.

வலைமனையின் சாமர்த்தியத்தைச் சொல்லி மாளாது. ஒரே நொடியில் நாற்பது விவசாயிகளோடு அர்த்தநாரியின் குரலில் பேசியது. பேசிக்கொண்டே அவர்கள் வீட்டு எருமை கன்று போட்டதா என்றும் விசாரித்தது. ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒட்டகம் வளர்ப்பவர்கள்கூட "ஏனுங்" போட்டுப் பேசக் கற்றுக்கொண்டார்கள். அர்த்தநாரி அலுவலகத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். வேறு வேலை ஒன்றும் அவருக்கு இல்லாமல் போனது. அது எவ்வளவு ஆபத்தான நிலைமை என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அலுவலகக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. முகத்தைக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். திருநீற்றை அழித்துவிட்டுக் காட்டினார். கதவிலிருந்து அவருடைய சொந்தக் குரலே பேசியது.

"வணக்கமுங். உங்க பணி நிறைவடைஞ்சுதுங். இத்தனை நாள் கைகூப்பி நின்னதுக்குக் கம்பெனி நன்றி சொல்லுதுங்."

விஷயம் இதுதான். கம்பெனியில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று யாரும் வலைமனைக்குச் சொல்லவில்லை. அது முகப்பைப் பார்த்துத் தானே புரிந்துகொண்டது. பெரிய முகம் பெரிய பதவி, சின்ன முகம் சின்னப் பதவி. கீழ்மூலையில் கைகூப்பி நிற்பவர் வரவேற்பாளராகத்தான் இருக்க வேண்டும். வருகிறவர்களை இப்போது வலைமனையே வரவேற்கிறது. அப்படியிருக்க இன்னொரு வரவேற்பாளர் எதற்கு? அதுவும் எல்லாரையும்விட அதிகச் சம்பளத்தில், டீ குடித்துக்கொண்டு? முறையாகத் தலைவர் குப்பண்ணனிடம் ஒப்புதல் கேட்டது. குப்பண்ணன் மறுப்புத் தெரிவிக்கவில்லை. அவர் எதற்கும் மறுப்புத் தெரிவிக்கக்கூடிய நிலையில் இல்லை.

அர்த்தநாரி கதவைக் குத்தினார். கதவு அவர் குரலிலேயே அவரைப் பொறுமையாக இருக்கச் சொன்னது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி பூங்கொடி அழுதாள். நாச்சிமுத்து சிரித்தார். ஒரு மெசினு முதலாளியை வெளியே தள்ளுமாக்கும், சீட்டாட்டத்தில் கம்பெனியை விட்டுவிட்டுக் கதை கட்டுகிறாரோ என்று தங்கையின் காதில் போட்டார். அது அர்த்தநாரியின் காதிலும் விழுந்தது. கம்பெனி போனதைவிட இது அவருக்கு வலித்தது.

மிதுனாவைக் கூப்பிட்டால் அவளும் கையை விரித்தாள். முகவரிக்கு யார் பெயரும் கொடுக்காத வலைமனை சட்டப்படி தனக்குத் தானே உரியது. திறவுகோலும் அதனிடமே. வெளியிலிருந்து அவளால் ஒரு செங்கல்லைக்கூட உருவ முடியாது.

"நான் கேட்டேனுங்களே சார்," என்றாள். திட்டியிருந்தால்கூட அர்த்தநாரி தாங்கியிருப்பார்.

பிறகு ஒரே ஒரு வழி இருக்கிறதென்றாள். வரி கட்டும்போது உயிருள்ள ஒரு மனிதரின் விரல்ரேகை வேண்டும். குப்பண்ணனிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வலைமனை, மேலாளர் தேவை என்று விளம்பரம் கொடுத்திருக்கிறது. நேர்காணல் நாளில் வருகிற எல்லாரையும் கேட்டுவிட்டு, சாயங்காலம் முதல் இடத்துக்கு வந்தவரை எடுக்கும், அவர் பெயரில் கம்பெனி பதிவாகிவிடும். "அது உங்களுக்குக் கெடைச்சா எல்லாம் பழையபடி உங்களுது. வேற யாருக்காவது கெடைச்சா அவங்களுது. அதுக்கப்பறம் கோர்ட்டுக்குப் போனாலும் முடியாதுங்க."

அர்த்தநாரி விண்ணப்பித்தார். வெள்ளை வேட்டியை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, தான் வாங்கிப்போட்ட நாற்காலியில், தான் மாட்டிய மின்விசிறிக்குக் கீழே, மற்ற ஆட்களோடு வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ராசிபுரத்துப் போட்டிக் கம்பெனியின் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். "நீங்களும் வேலைக்குத்தானுங்களா?" என்று அவர் விசாரித்தபோது அர்த்தநாரி மின்விசிறியைப் பார்த்தார்.

உள்ளே அவருடைய குரல் அவரைக் கேள்வி கேட்டது. பாறை, குழாய், ஆழம் என்று எது கேட்டாலும் அருவி மாதிரிக் கொட்டினார் அர்த்தநாரி. கடைசியில் ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"ஒருத்தரு தோட்டத்துல எத்தனை அடி போனாலும் தண்ணி வராதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. என்ன பண்ணுவீங்க?"

வாழ்க்கை முழுவதும் செய்ததைச் சொன்னார் பாவம். "மூலை சரியில்லீங், ஈசானியத்துல இன்னொண்ணு போட்டுப் பாக்கலாமுன்னு சொல்லுவனுங்."

பிறகு வலைமனை வருத்தத்தோடுதான் சொன்னது. நேர்மையே எங்கள் மூலதனம் என்று கம்பெனியின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கொள்கைக்கு இந்தப் பதில் ஒத்துவரவில்லை. வேறு எங்காவது முயற்சி செய்யவும், வாழ்த்துகள்.

ராசிபுரத்துக்காரன் எழுதிவைத்த வாசகம். படிக்காமல் வாங்கி ஒட்டிய வாசகம். அர்த்தநாரி வெளியே வந்தார். அடுத்து அதே குரல் கணக்குப்பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டது.

வீட்டில் நாச்சிமுத்து இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நேர்காணலாம், தோற்றாராம். ஒரு மெசினுக் குரலிடம் பேசத் தெரியாமல் ஓடிவந்த மாப்பிள்ளையை நினைத்தால் அவருக்கு வெட்கமாக இருந்ததாம். "நீ ரசம் வெச்சு வெய்யி பூங்கொடி. நான் போய் நாலு அதட்டு அதட்டி, கதவைத் தொறந்து வெச்சுப்போட்டு வாரேன்," என்று செருப்பை மாட்டினார். அர்த்தநாரி தடுக்கவில்லை. தடுப்பதற்கு அவரிடம் எதுவும் மிச்சமில்லை. மச்சான் ஒருவேளை அதட்டியே ஜெயித்துவிட்டால் என்று ஒரு மூலையில் ஆசைகூட எட்டிப் பார்த்தது.

ரசம் ஆறியது. இரண்டாம் முறை சூடாக்கியதும் ஆறியது. பொழுது சாய்ந்து நாச்சிமுத்து வந்தார். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து உட்கார்ந்து சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். அவருடைய வலது கட்டைவிரலில் நீல மை இருந்தது.

"என்னாச்சுங்ணா?" என்றாள் பூங்கொடி.

"உள்ள போயி, யாருடா நீன்னு அதட்டினேன். உக்காருங்கன்னுச்சு. உக்காந்தேன். தண்ணி வராத எடத்துல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டுச்சு." நாச்சிமுத்து தரையைப் பார்த்தே பேசினார். "இதென்ன கேள்வி, வராதுன்னு சொல்லிப்போட்டு வண்டியைத் திருப்பிக்கிட்டு வர்றதுதானேன்னு ஒரு சத்தம் போட்டேன். விரலை வெக்கச் சொல்லுச்சு. கதவைத் தொறக்கத்தான் கேக்குதுன்னு வெச்சேன்."

அர்த்தநாரிக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டார். "இப்ப நீங்கதானே உரியவரு, மச்சான். எம்பேருக்கு மாத்திக் குடுத்துருங்."

"அதைத்தானுங் மாப்ள மொதல்ல சொன்னேன். நேர்காணல்ல தோத்தவங்களுக்கு மாத்தக் கூடாதாம். அப்ப நான் வெலகிக்கிறேன்னேன். வெலகுங், அடுத்த எடத்துல ராசிபுரத்துக் கணக்குப்பிள்ளை இருக்காருன்னுச்சு. அதனால வெலகாம அப்படியே வந்துட்டேன்."

பூங்கொடி அண்ணனைப் பார்ப்பதா, புருசனைப் பார்ப்பதா என்று தெரியாமல் ரசச் சட்டியைப் பார்த்தாள். வாசலில் ஓட்டுநர் இல்லாத கார் ஒன்று வந்து நின்று, மேலாளர் ஐயா இருக்காங்களா என்று அர்த்தநாரியின் குரலில் கூப்பிட்டது. இருவரும் எழுந்தார்கள். அர்த்தநாரி மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

நாச்சிமுத்து வாசல்வரை போய், திரும்பி வந்து, மாப்பிள்ளையின் தோளில் கையை வைத்தார். தங்கைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நீங்க சீட்டெல்லாம் ஆடுலீங். அந்த மெசினு உங்களை வேலையை விட்டுத் தூக்கித்தான் போட்டுது. நடந்தது நெசந்தானுங் மாப்ள."