பாதி அம்மி

கல்லை இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு லாரியின் பின்சக்கரத்தருகே அன்னாள் குனிந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு கல் இருந்தது.

அவள் வைத்ததல்ல. நிமிர்வதற்குள் வண்டியின் அந்தப் பக்கத்துப் பலகையில் உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. முன்னால் லாசர் அதை நம்பிப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி அரை அங்குலம் பின்வாங்கி, கல்லில் முட்டி நின்று, முதல் கியரில் முனகிக்கொண்டு மேலே நகர்ந்தது.

உலகச் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட லாரி அது. கை பிரேக் செத்து வருஷக்கணக்காகிறது. உப்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு மலைமேல் புதூர்நாட்டுக்கு ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் மூச்சு முட்டி நின்றுவிடும். லாசர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருப்பான். பின்னால் நடந்து வருகிறவர் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பலகையை இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டு கேட்டால்தான் அவன் காலை எடுப்பான். வண்டி நகர்ந்ததும் கல்லை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். கிளீனர் குளிர்காய்ச்சலில் படுத்ததிலிருந்து இது லாசரின் மனைவியான அன்னாளின் வேலை. இடுப்பும் மணிக்கட்டும் வலித்து வலித்து, இப்போது வலி என்று தனியாக ஒன்று தெரிவதில்லை.

ஐப்பசி மாதத்துச் சாயங்காலம். தூறல். சூடேறிய எஞ்சினின் எண்ணெய் வாடையும், நனைந்த சாக்கின் வாடையும், மூங்கில் புதர்களிலிருந்து இறங்கிவந்த பனிமூட்டமும் ஒன்றாய்க் கலந்து அவள் தொண்டையில் படிந்திருந்தன. வண்டி போனபின் சாலையில் கிடந்த கல்லை அவள் பார்த்தாள். உளிக்கொத்து விழுந்த முகம். ஓரத்தில் மழையிலும் கரையாத மஞ்சள் கறை.

அவள் வீட்டு அம்மி. உடைந்துபோன அம்மியின் ஒரு பாதி.

போன மாதம் அதைத்தான் அவள் சக்கரத்துக்கு வைத்துக்கொண்டிருந்தாள். வாணியம்பாடி கலீலுல்லாவின் லாரியில் கிளீனராக இருந்த சின்னக்குழந்தை என்பவர் அதை அடிவாரத்து டீக்கடையில் பார்த்துவிட்டு, புகையிலையை மென்றுகொண்டே கேலி செய்திருந்தார்.

"அம்மியத் தூக்கி வண்டிக்கு வெச்சிட்டியே தங்கச்சி, எங்கண்ணனுக்குக் கொழம்புக்கு இன்னாத்துல அரைக்கிற?"

அன்றைக்கு ஐந்தாவது வளைவில் வண்டி நகர்ந்தபோது அவள் குனியவில்லை. குனிய முடியவில்லை. யாராவது எடுத்துப் போடுவார்கள் என்று நினைத்தபடி ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். அரைமணி கழித்து அதே வளைவில் கலீலுல்லாவின் லாரி அந்தக் கல்லில் ஏறிப் பின்னுக்குச் சறுக்கியது. பின்னால் நடந்து வந்த சின்னக்குழந்தைக்கு விலக நேரமில்லை. அந்தக் கல்லைப் பள்ளத்தில் உருட்டிவிட்டதாக அப்புறம் சொன்னார்கள். முன்னாலேயே இருக்கும் லாசர் அதைப் பார்த்ததில்லை; அது யாருடையது என்று அறிந்திருந்த ஒரே மனிதர் அவர்தான்.

இப்போது அது சாலை நடுவில் கிடந்தது. எடுத்து ஓரமாகப் போடு என்று மனம் சொன்னது. கை போகவில்லை. தன் கல்லை அணைத்துக்கொண்டு அவள் ஓடினாள்.

நான்காவது வளைவில் வண்டி நின்றது. அவள் போய்ச் சேருவதற்குள் கல் அங்கே இருந்தது. அதே கொத்து, அதே மஞ்சள். இரண்டு தட்டு விழுந்தது. கூடவே புகையிலை வாடை.

ரேடியேட்டர் கொதித்ததால் வண்டியைக் கல்லின் பொறுப்பில் விட்டுவிட்டு லாசர் தண்ணீர்த் தகரத்தோடு இறங்கினான். அவன் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"இன்னாமே, இன்னிக்கு இவ்ளோ சுறுக்கா வெச்சிட்ற? சின்னக்குழந்தகூட இப்டி வெச்சதில்ல."

அவன் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "அந்தக் கல்ல வுட்டுட்டுப் போனவன் எவன்னு தெரியட்டும்" என்றான். சின்னக்குழந்தையின் பாடையில் ஒரு மூலையைச் சுமந்தவன் அவன். ஒரு மாதமாக இந்த வாக்கியத்தை அவன் முடித்ததேயில்லை.

நான்தாங்க என்ற சொல் அவள் நாக்கு வரை வந்தது. சொன்னால் இனி அவன் முகம் அவள் பக்கம் திரும்பாது. அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு முகம்தான்.

"தண்ணி போதுமாங்க?" என்றாள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டாள். நிச்சயமாக. வண்டி கிளம்பியது. இம்முறையும் கல் சாலையில் கிடந்தது. இம்முறையும் அவள் குனியவில்லை. பின்னால் ஈரச் சரளையில் காலடி கேட்டது. அவள் நடந்தால் நடந்தது. நின்றால் நின்றது. பாரம் சுமக்கிறவரின் நடை.

ஐந்தாவது வளைவு.

வண்டி திணறி நின்றது. விளக்கின் மஞ்சள் வெளிச்சம் முன்னால் பனியில் முட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இருட்டு. அன்னாள் சக்கரத்தைப் பார்த்தாள்.

கல் இல்லை.

பிரேக்கில் ஊன்றிய லாசரின் கால் நடுங்குவதில் வண்டி முழுக்க நடுங்கியது. அவள் விரைந்துபோய்க் குனிந்தாள். கையிலிருந்ததை இறக்கப் பார்த்தாள். விரல்களில் கொத்து உறுத்தியது. மஞ்சள் வாடை. இவ்வளவு நேரமும் அணைத்து வந்தது எந்தக் கல்?

விரல்கள் பிரியவில்லை.

"இன்னாமே, வெச்சிட்டியா?"

வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

முதுகில் இரண்டு கைகள் பதிந்தன. ஈரமான கைகள், புகையிலை வாடையோடு. தள்ளவில்லை. சற்று இடப்பக்கம் நகர்த்தின. தோளைக் கொஞ்சம் தாழ்த்தின. சக்கரத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தன. கல் வைக்கிறவர்கள் கல்லைப் பதமாக உட்கார வைப்பதுபோல.

பிறகு, பலகையில் ஒரு தட்டு.

இன்னொன்று.

"சரி" என்றான் லாசர், நிம்மதியாக. காலை எடுத்தான்.