நூறு தடவையும் அதே குடோன்

"குடோன் காலிம்மா!"

போனில் ஏட்டு சொன்னதும் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"நல்லா பாத்தீங்களா?"

"எலிதான் இருக்கு. உங்க தங்கச்சி இல்ல..."

தங்கைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குடித்துவிட்டுக் கார் ஏற்றி ஆளைக் கொன்றவனின் ரத்த ரிப்போர்ட்டை மாற்ற மறுத்தாள். காலையில் ஆளைக் காணவில்லை! அவள் போனிலிருந்தே அக்காவுக்கு மிரட்டல் வந்தது. ஆஸ்துமாக்காரி. இன்ஹேலரோ வீட்டு மேஜையில் கிடக்கிறது!

அந்த மிரட்டல் கால் ஐந்து டவர்களில் பதிவாகியிருந்தது. போன் எங்கே இருந்தால் ஐந்து சிக்னலும் பொருந்தும் என்று தேடுவதுதான் போலீசுக்காக அக்கா எழுதிக்கொடுத்த ப்ரோக்ராம். வரைபடத்தில் ஏதோ ஓரிடத்தில் கிளம்பி, பிழை குறையும் பக்கமாகவே நகரும், பள்ளம் தேடும் தண்ணீர் போல. முதலில் அகப்பட்ட குழியிலேயே தேங்கிவிடும். பக்கத்துத் தெருவில் அதைவிட ஆழமான குழி இருந்தாலும் அதற்குத் தெரியாது.

அதனால்தான் நூறு இடங்களிலிருந்து ஓடவிட்டாள்.

நூறும் அந்தக் குடோனிலேயே வந்து நின்றன!

"விடுங்க மேடம்." அவள் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் ஆறுதலாகச் சொன்னார். "நூறு தடவை சொல்லியிருக்கு. இடம் அதுதான். ஆளை மாத்தியிருப்பாங்க."

"நூறும் இம்மி பிசகாம ஒண்ணா வருமா சார்? எங்கேயோ உதைக்குது..."

ப்ரோக்ராமை வரி வரியாகப் பார்த்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

ஐயோ!

கிளம்பும் இடத்தைக் குலுக்கி எடுக்கும் வரி. சோதனையின்போது விடை மாறாமலிருக்க, குலுக்கலை ஒரே எண்ணில் கட்டிவைப்பது அவள் வழக்கம். நிஜமாக ஓட்டுமுன் அவிழ்க்க வேண்டும். பதற்றத்தில் மறந்துவிட்டாள்.

நூறு தடவையும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பியிருக்கிறது!

"பாவி நான்! ரெண்டு மணி நேரத்தை வீணாக்கிட்டேனே!"

அழுதுகொண்டே அந்தக் கட்டை அவிழ்த்தாள். மறுபடி ஓட்டினாள். புள்ளிகள் சிதறின... எட்டுப் பத்துக் குழிகள்! எல்லாவற்றிலும் ஆழமானது ஏரிக்கரையில்.

போனை எடுத்தாள்.

"ஏட்டய்யா! ஏரிக்கரையில, தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஒரு தனி வீடு... யாருது?"

"நம்ம இன்ஸ்பெக்டர் ஐயா வீடாச்சேம்மா! ஏன் கேக்..."

ஒரு கை போனைப் பிடுங்கியது.

"ஒண்ணுமில்லய்யா. நீ ஸ்டேஷனுக்குப் போ." இன்ஸ்பெக்டர் போனை அணைத்தார். கதவைத் தாழிட்டார்.

"கார் ஓட்டினது என் பையன் மேடம்."

"என் தங்கச்சி எங்க?"

"மிரட்டத்தான் நினைச்சேன். பதினோரு மணி வரைக்கும் மூச்சு இழுத்துக்கிட்டு இருந்தாளாம்... அப்புறம் இல்ல."

அவள் குடோன் என்று அடித்துச் சொன்னது பத்து மணிக்கு. அப்போது இந்த அறையில் எட்டுப் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். ப்ரோக்ராமைச் சரியாக ஓட்டியிருந்தால் தங்கை பிழைத்திருப்பாள்!



இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை எடுத்தார். வருத்தமாகத்தான் தலையாட்டினார்.

"உங்க தப்பை நீங்களே தேடித் திருத்துவீங்கன்னு எதிர்பார்க்கல மேடம்... எங்க டிபார்ட்மெண்ட்ல அந்தப் பழக்கமே கிடையாது!"