கை வைத்தவர்களின் பங்கு

ஆறு வருசமாய்க் கடலைக் காணாத வள்ளம் ஒன்றின் அடியில் மண் ஈரமாயிருந்தது.

செலீனா முதலில் கண்டது அதைத்தான். பங்குனி வெயில் தகரக் கூரையை நெளிய வைத்து டக் டக்கென்று ஒலி எழுப்பிக்கொண்டிருந்த பகல் பன்னிரண்டு மணி. மன்னாரில் மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. கடல் அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. முள்ளுக்கம்பிக்கும் உடைமரக் காட்டுக்கும் அப்பால் இரண்டு கட்டைத் தூரம் தள்ளிக் கிடந்தது. அப்படியிருக்க, சீமெந்துக் கட்டின் மேல் ஏற்றி வைத்திருந்த அந்த வள்ளத்தைச் சுற்றிப் பரப்பிய வெள்ளை மணல் மட்டும், அலை இப்போதுதான் வந்து திரும்பிய கரை போலக் கறுத்து இறுகியிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு கீரிக் கிராமத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் மூன்று பேர்: செலீனா, அவளுடைய பன்னிரண்டு வயது மகள் லூசியா, வாடகைக்கு வான் வண்டி ஓட்டும் தம்பி டொமினிக். வாழையிலையில் கட்டிய புட்டும் கணவாய்க் கறியும் பையில் இருந்தன. லூசியாவுக்குப் புதுச் சட்டை. கோயில் வாசலில் கேட்டவர்களுக்கெல்லாம், "பிள்ளைக்கு ஒரு இடமும் காட்டேல்ல, ஆமியின்ர நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று செலீனா சத்தமாகவே சொன்னாள். யுத்தத்தில் புருசனைத் தொலைத்தவள் யுத்த நூதனசாலைக்கு உல்லாசப் பயணம் போகிறாள் என்று ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்கிற வாய்க்கு அவல் போட அவளுக்கு நேரமில்லை.

உண்மைக் காரணம் வேறு. இரண்டு கிழமைக்கு முன் தெற்கிலிருந்து வந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு அரிப்பு ஊர்ப் பக்கம் ஓடிய டொமினிக், திரும்பி வந்து வாசலிலேயே நின்று சொன்னான். "அக்கா, அத்தான்ர வள்ளம் மாதிரி ஒண்டு அங்க நிக்குது."

அத்தான் எமிலியானுஸ். 2008 ஆவணியில் இரண்டு பேரோடு கடலுக்குப் போனவன். வள்ளமும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. அரசாங்கக் கந்தோரில் மூன்று தரம் மரணப் பத்திரத்தை அவள் முன்னால் நீட்டினார்கள். "ஆளைக் காட்டுங்கோ, கையெழுத்து வைக்கிறன்" என்று மூன்று தரமும் பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். வள்ளம் நூதனசாலையில் நிற்கிறதென்றால் அதை ஒருவன் பிடித்திருக்க வேண்டும். பிடித்தவனுக்கு உள்ளே இருந்தவர்களைத் தெரிந்திருக்க வேண்டும். பச்சைப்பிள்ளைக்கும் விளங்குகிற இந்த விசயம் கந்தோரில் இருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை.

நூதனசாலைக் கொட்டகைக்குள் காட்சிக்கு வைத்த பீரங்கிகள், துருப்பிடித்த துவக்குகள், சீருடை போட்ட பொம்மைகள். தெற்கிலிருந்து பஸ்களில் வந்த குடும்பங்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பிள்ளைகள் பீரங்கிக் குழாயில் குதிரையேறினார்கள். அவர்கள் மேல் செலீனாவுக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கும் அது ஞாயிற்றுக்கிழமைதானே.

வள்ளத்துக்குக் கறுப்புப் பூசியிருந்தார்கள். பக்கத்தில் மூன்று மொழியில் பலகை: பயங்கரவாதிகளின் தற்கொலைப் படகு. செலீனா இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்துவிட்டாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"தற்கொலையாம்! முரல் மீனுக்குப் போன மனுசன்."

"மெல்லக் கதையுங்கோ அக்கா" என்றான் டொமினிக்.

"ஏன் மெல்ல? ஆறு வருசம் மெல்லத்தானே கதைச்சனான்."

பின்பக்கம், இடது விலாவில், அவள் தேடியது இருந்தது. கல்யாணம் முடித்த வருசம் கடலடிப் பாறைப் பாரில் உரசி ஓட்டையான இடத்தை ஃபைபர் வைத்து ஒட்டியது அவள்தான். காயுமுன் அவசரப்பட்டுக் கையை ஊன்றிவிட்டாள். எமிலியானுஸ் அதைத் தேய்த்து மட்டமாக்க விடவில்லை; வள்ளம் களவுபோனால் பொலிசுக்கு உன்ர கைரேகையைக் காட்டலாம் என்று பகிடி விட்டான். கறுப்புப் பூச்சுக்கு அடியில் ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே பதிந்து கிடந்தன. அதன் மேல் தன் கையை வைக்கப் போனாள்.

"தொட வேணாம் அம்மா."

காவலுக்கு நின்ற ஆமிக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும், காதோரம் நரைத்தவர், கையில் தண்ணீர் துடைக்கும் துடைப்பமும் வாளியும். வள்ளத்திலிருந்து நாலடி தள்ளியே நின்றார். முன்பக்கத்தில் ஒரு குடும்பம் சாய்ந்து நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"அவையள் மட்டும் தொடலாமோ?" என்று செலீனா கேட்டாள். எல்லாரும் மரியாதைக்குப் போடுகிற 'சேர்' அவள் வாயில் வரவில்லை.

"அவங்களுக்கும் சொல்றது. கேக்கிறது இல்ல." அவர் ஈர மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒவ்வொரு நாளும் தண்ணி. நான் துடைக்கிறது, திரும்ப வாறது. கூரையில ஓட்டை இல்ல. உப்புத் தண்ணி."

"இந்த வள்ளத்தில வந்த ஆக்கள் எங்க?"

"எனக்குத் தெரியாது."

கேள்வி முடியுமுன்னே வந்த பதில். பிறகு அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் காற்சட்டையில் துடைத்தார். கைகளில் ஈரம் ஒன்றும் இருக்கவில்லை.

"பாத்தாச்சு அக்கா. வாங்கோ போவம்" என்றான் டொமினிக்.

"போகமாட்டன்" என்று சொல்லிவிட்டு, செலீனா அந்த மணலிலேயே சப்பணம் கட்டி உட்கார்ந்து புட்டுப் பொதியை அவிழ்த்தாள். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் இது தன் வீட்டுச் சாமான். தன் சாமானுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட யாரிடம் உத்தரவு கேட்பது என்று நினைத்தாள். ஆமிக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டடி தள்ளிப் போனார். டொமினிக்தான் ஒரு கவளம் விழுங்கப் பட்ட பாடு சொல்லி மாளாது.

அப்போதுதான் மணம் வந்தது. கறி மணம் அல்ல, பழைய இரும்பு மணமும் அல்ல. விடியலில் வள்ளம் கரை தட்டும்போது வருகிற மணம், நனைந்த கயிறும் மண்ணெண்ணெயும் பச்சை மீன் இரத்தமும் சேர்ந்து, அதற்குள் எமிலியானுஸ் பிடிக்கிற சுருட்டின் புகையும் இழையாகக் கலந்து, மூக்கில் ஏறி நெஞ்சுவரை இறங்கியது. சேலைக்கு அடியில் மணல் குளிர்ந்தது. ஈரம் அவளுடைய தொடைவரை ஊறி வந்தது, நின்றது, மெல்லப் பின்வாங்கியது. மணல் உலர்ந்தது. எண்ணினால் பத்துக்குள் மறுபடியும் வந்தது. வெயிலில் வெந்துகொண்டிருந்த கொட்டகையின் கீழ், கண்ணுக்குத் தெரியாத கடல் ஒன்று அவள் மடிக்குள் அலையடித்துக்கொண்டிருந்தது.

செலீனாவுக்குப் பயம் பிடித்தது.  எழுந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு வானுக்கு ஓடலாம். ஓடினால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அவள் இன்னொரு வாய் புட்டை எடுத்து மென்றாள். 

மூன்று மணிக்கு வள்ளத்துக்குள் சத்தம் கேட்டது. பலகையில் ஏதோ நனைந்தது வந்து விழுகிற சத்தம். சொத். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, சொத்.

"எலியாக்கும்" என்றான் டொமினிக். அவன் முகத்தில் சொட்டு இரத்தமில்லை.

நாலரைக்கு ஆமிக்காரர் விசில் ஊதினார். கூட்டம் கலைந்து பஸ்களுக்குப் போனது. கடைசியாக நின்றது ஒரு குடும்பம். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண், அவள் புருசன், கைக்குழந்தையோடு அவளுடைய தங்கச்சி. கொஞ்சம் விலகுங்கள், ஒரே ஒரு படம் என்று அந்தப் பெண் சிரித்தபடி கையால் சைகை காட்டினாள். மூன்று பேரும் வள்ளத்தின் விளிம்பில் ஒரு கை வைத்து வரிசையாய் நிற்க, புருசன் மறுகையால் போனை முன்னால் நீட்டினான்.

லூசியா எழுந்தாள். யாரும் சொல்லாமலே போய், அந்த வரிசையின் கடைசியில் தன் கையையும் வைத்தாள்.

"என்னடி செய்யிறாய்?"

"வள்ளம் தட்டிட்டுது அம்மா. இழுக்கட்டாம்."

கீரிக் கரையில் பிறந்த பிள்ளை. அங்கே ஒரு வள்ளம் வந்து கரை தட்டினால் நிற்கிறவர்கள் எல்லாரும் ஓடிப்போய்க் கை கொடுத்து மேலே இழுப்பார்கள். கை வைத்த எல்லாருக்கும் மீனில் பங்குண்டு. உறவா பகையா, ஊரா பிறத்தியா என்று தண்டையல் பார்ப்பதில்லை. வள்ளத்தை ஓட்டி வந்தவன் அவன், பங்கு போடுகிறவனும் அவன். கை வைத்தவன் தன் பங்கை வாங்காமல் கரையை விட்டுப் போகவும் கூடாது. போனால் கடல் பொறுக்காது என்பார்கள்.

"ஆர் இழுக்கச் சொன்னது?"

"அப்பா."

அவன் போகும்போது அவளுக்கு ஆறு வயது.

"போகணும், போகணும், மூடுறது!" ஆமிக்காரரின் குரல் உடைந்திருந்தது. "அம்மா, போங்க!"

போங்கோ. ஆறு வருசமாய் அவள் மிதித்த வாசல் எல்லாவற்றிலும் கேட்ட சொல். கந்தோரில், முகாமில், கடற்படைக் கேற்றில். செலீனா எழுந்தாள்.   வள்ளத்தின் பின்பக்கம் போய், தன் பழைய கைப்பதிவின் மேல் கையை ஊன்றினாள்.

"என்ர மனுசன்ர வள்ளம்" என்றாள். "நான் இழுக்காமல் வேற ஆர் இழுக்கிறது?"

பிறகு, வள்ளம் இழுக்கும்போது போடுகிற கூவலை, கீரிக் கரை முழுவதும் கேட்கிற குரலில் போட்டாள்.

"அந்தோனியாரே... ஏலோ!"

வள்ளம் அசைந்தது.

சீமெந்தில் ஃபைபர் உரசுகிற சத்தம். வெள்ளைச் சேலைப் பெண் சிரிப்பை நிறுத்தினாள். கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. அவள் புருசன் இழுத்தான். அவன் கையும் வரவில்லை. டொமினிக் பாய்ந்து வந்து மருமகளைப் பிரிக்கப் போனான். தடுமாறி ஒரு கையை ஊன்றினான். அதுவும் ஒட்டிக்கொண்டது.

"ஏலோ!"

ஆமிக்காரர் துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடி வந்தார். நாள் முழுக்கத் தொடாமல் நின்றவர். முன்பக்கத்துக்கு வந்து, சரிகிற வள்ளத்தைத் தடுக்க இரண்டு கையையும் வைத்தார்.

இரண்டு கையையும்.

வள்ளம் கட்டிலிருந்து வழுக்கி மணலில் இறங்கி நின்றது. உள்ளே தண்ணீர் தளும்பியது. எல்லாரும் நின்றார்கள்.  குழந்தைகூட அழவில்லை.

மீன் போடும் அறையின் மூடி திறந்தது.

ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த கை. மோதிர விரலில், செலீனாவின் விரலில் கிடந்த மோதிரத்தின் சோடி.

பங்கு போடத் தொடங்கியது.

மீன் இல்லை. வெள்ளைச் சேலைப் பெண்ணின் முன்னால் ஒரு சின்னச் செருப்பு. பிறகு ஒரு மூக்குக் கண்ணாடி. பிறகு கூந்தல், ரிபனோடு. அவள் புருசனுக்கு ஒரு நனைந்த சாரத்துணி, அதற்குள் ஏதோ சுற்றியிருந்தது. சொத். டொமினிக்குக்கு ஒரு செபமாலை, அதைப் பிடித்தபடியே ஐந்து விரல் எலும்பு. சொத். தங்கச்சிக்கு. லூசியாவுக்கு. மறுபடியும் முதலிலிருந்து. அளவு பிசகாமல், கூட்டாமல் குறைக்காமல், கீரிக் கரையில் பங்கு போடுகிற அதே ஒழுங்கு.

மூன்று பேர் போன வள்ளம். இத்தனை பேர் ஏது?

அப்போது செலீனாவுக்கு விளங்கியது. ஆறு வருசமாய் எமிலியானுஸ் சும்மா இருக்கவில்லை. தொழிலை விடவில்லை. அந்தக் கடலில் காணாமல் போன ஒருவரையும் விடாமல் அவன் வள்ளத்தில் அள்ளிச் சேர்த்திருக்கிறான்.

அவள் முன்னால் மட்டும் வெறும் மணல். தண்டையல் வீட்டுப் பங்கு கடைசிப் பங்கு. மற்றவர்களுக்கு எல்லாம் போட்டு முடியுமட்டும் அவள் நிற்க வேண்டும்.  கண்ணை மூட அவள் சம்மதிக்கவில்லை.

"போடுங்கோ" என்றாள். "ஒருத்தரையும் மிச்சம் விடாமல் போடுங்கோ. நான் நிக்கிறன்."

இரண்டு கை வைத்தவருக்கு இரண்டு பங்கு. முன்பக்கம் தூரம். கை எட்டவில்லை. முழங்கை வெளியே வந்தது. பிறகு தோள் வரவேண்டும். வரவில்லை. கைதான் வந்தது. இன்னும் கை. நனைந்த கயிறு போல விளிம்பு நெடுக ஊர்ந்து, ஆமிக்காரரின் முன்னால் வைத்தது. திரும்பியது. வைத்தது. இரண்டு குவியலும் அவர் முழங்காலைத் தாண்டின. இடுப்பைத் தாண்டின. அவர் வாய் திறந்தபடியே இருந்தது. குவியல் அவர் கழுத்துக்கு வந்துவிட்டது, கை மறுபடியும் அறைக்குள் போனது, உள்ளே இன்னும் நிறைய இருந்தது.