தங்கச்சியின் முறை

மெக்கானிக் வந்தபோது மதியம் மூன்று மணி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேராக மேஜைக்கடியில் புகுந்தார். தரையில் நின்ற அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பதினாறு வயது. வெள்ளையாக வாங்கியது, இப்போது பழுத்த மஞ்சள்.

"என்னம்மா கம்ப்ளெயின்ட்?"

"சில சமயம் ஆன் ஆகுது, சில சமயம் ஆகல. ஆன் ஆனாலும் நாலே செகண்ட்ல அணைஞ்சிடுது," என்றாள் அக்கா. இந்த வீட்டில் அவளுக்கு அக்கா என்பதைத் தவிர வேறு பெயர் இருந்ததில்லை.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. நாலு நாளாக, அவள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனால் இங்கே பெட்டிக்குள் விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது. வந்து உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது.

தங்கை போய்ப் பத்தொன்பது நாள். கடைசி நாளில் மூன்று முறை போன் செய்திருந்தாள். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஒரு சண்டை. வீம்புக்கு அக்கா எடுக்கவில்லை. அப்புறம் ஒரு மெசேஜ் வந்தது. 'நீ எடுக்க மாட்டே. கம்ப்யூட்டர்ல எழுதி வைக்கிறேன், வந்து படி.' அன்று சாயங்காலமே, இதே நாற்காலியில், இதயம் நின்று சாய்ந்துவிட்டாள்.

என்ன எழுதினாள்? திட்டினாளா, மன்னித்தாளா? அதைப் படித்தால் அழுகையாவது வரும் என்று அக்காவுக்கு ஒரு நப்பாசை. இதுவரை ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

மெக்கானிக் மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்தார். பவர் சப்ளையை மாற்றினார். ஆன் ஆனது, அணைந்தது.

"பட்டனை நாலு செகண்ட் விடாம அழுத்தினா இப்படித்தான் அணையும். உள்ள சிக்கிக்குது போல," என்று பட்டனின் ஒயரையே பிடுங்கிவிட்டார். "இனிமே அது பேருக்குத்தான் பட்டன். நான் ஸ்க்ரூடிரைவரால ஸ்டார்ட் பண்றேன், பாருங்க."

உள்ளே இரண்டு கம்பிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டார். விசிறி சுற்றியது. திரை வெளுத்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒயர் இல்லாத பட்டன் மெதுவாக உள்ளே போனது.

யாரும் தொடவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

திரை அணைந்தது. பட்டன் வெளியே வந்தது.

அதன் மேல் படிந்திருந்த தூசியில் ஈரமாக ஒரு கட்டைவிரல் தடம். கைவிரல் தடம் அத்தனை அகலமாக இருக்காது.

"உள்ள இருக்கிறதை எடுக்க டிஸ்க்கைக் கழட்டணும்னா வேற ஆளைப் பாருங்கம்மா," என்றார் மெக்கானிக். குரல் கிசுகிசுப்பாக வந்தது. ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அந்த விரல் யாருடையது என்று அக்காவுக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் நேரம் தாண்டி விளையாடினால், தங்கை மேஜைக்கடியில் படுத்துக் காலை நீட்டிக் கட்டைவிரலால் அந்தப் பட்டனை அழுத்திவிடுவாள். 'என் முறை!' அதற்காக முதுகில் எத்தனை வாங்கியிருக்கிறாள், கழுதை.

பயம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

"சரிடி. உன் முறை," என்று எழுந்து நின்றாள்.

விசிறி தானாகச் சுற்றியது.

திரையில் ஒரு கடிதம் திறந்தது. 'அக்கா, அன்னிக்கு நான் சொன்னது' என்பதோடு பாதியில் நின்றிருந்தது. அவள் குனிந்தாள். கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

எட்டிப் பார்க்காதே. இன்னும் முடிக்கல.

சொன்ன பேச்சை அக்கா கேட்டாள். தரையில் உட்கார்ந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னத்தில் சூடாக ஏதோ வழிந்தது. துடைக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம் தொடங்கியது. எப்போதும் போல, ஒற்றை விரலால்.