நூறு மீட்டர் தூரத்தில் செண்பகவல்லி

காலை ஏழு மணிக்கு எங்கள் சிறுசேரி அடுக்ககத்தில் பிள்ளைகள் எல்லாம் பால்கனிக்கு வந்துவிடுவார்கள். தூரமணி தொடங்கும். பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் தினம் இரண்டு மணி நேரம், நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பதைப் பார்த்தே ஆக வேண்டும். காதில் மாட்டிய கண்மானி நிமிடங்களைக் கவனிக்கும். நேரம் நிறையாவிட்டால் டேப்லெட்டும் திறக்காது, மின்புத்தகமும் திறக்காது. என் தலைமுறை சோடாபுட்டிக் கண்ணாடியோடு அலைந்ததால் வந்த சட்டம் இது. என் மூக்கில் கண்ணாடி பதித்த தழும்பைப் பார்த்தால் அதன் நியாயம் உங்களுக்கே புரியும்.

என் மகள் நிறைமதிக்கு ஆறு வயது. அவளுக்கு ஒதுக்கிய இலக்கு, எதிர் அடுக்ககத்தில் ஒன்பதாம் மாடி பால்கனிச் சுவர். வெறும் சுவரை எந்தப் பிள்ளை பார்க்கும்? பேருக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு தன் விரல் நகத்தைப் பார்ப்பாள். அவள் கண்ணில் பவர் ஏறத் தொடங்கியது. அடுத்த பார்வை ஆய்வில் தேறாவிட்டால், தொடுவானத்தைப் பார்க்கவைக்கும் கடலோர விடுதிப் பள்ளியில் ஆறு மாதம் என்று கடிதம் வந்தது. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் எதிர்வீட்டு அம்மா, செண்பகவல்லி, அந்தப் பால்கனிச் சுவரில் ஒரு திருஷ்டிப் பூசணியைக் கட்டித் தொங்கவிட்டார். முறுக்கு மீசை, கோரைப்பல், தொங்கும் நாக்கு. நிறைமதி கண்ணை எடுக்கவே இல்லை.

“அப்பா, அதுக்கு மேல ஏழு பல்லு. கீழ அஞ்சுதான்.”

கண்மானி முதல்முறையாகப் பச்சை காட்டியது. நன்றி சொல்ல நேரிலேயே போனேன். அந்தம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

“உங்க பொண்ணு தினமும் எங்க வீட்டையே முறைச்சுப் பார்க்குது. கண்ணு பட்டுடக் கூடாதுன்னுதான் கட்டினேன். நீங்க என்ன நன்றிங்கிறீங்க?”

விடுதி விஷயத்தையும் ஆய்வு நாளையும் சொன்னேன். கதவு முழுசாகத் திறந்தது.

“ஆறு வயசுப் பிள்ளையையா? நல்லா இருக்கே உங்க சட்டம். அது பார்க்கட்டும், எவ்வளவு வேணும்னாலும் பார்க்கட்டும்.”

அதன்பின் தினம் ஒரு முகம். ஒருநாள் பூசணிக்குக் கம்மல், ஒருநாள் கூலிங் கிளாஸ்.

ஆய்வு நாளன்று பார்வை ஆய்வாளர் இம்மானுவேல் தொலைநோக்கியோடு வந்தார். வெயிலில் அழுகிப்போன பூசணி அன்று விடிகாலையில்தான் அறுந்து விழுந்திருந்தது. இனி அவள் பார்க்க வெறும் சுவர்தான்.

“பாப்பா, அந்தச் சுவர்கிட்ட என்ன தெரியுது?”

நிறைமதி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பூசணி இல்ல. ஆன்ட்டி நிக்கிறாங்க. மூஞ்சில மீசை வரைஞ்சிருக்காங்க.”

“மீசையா?”

“ஆமா. வலது பக்கம் மேல முறுக்கியிருக்கு. இடது பக்கம் தொங்குது.”

இம்மானுவேல் தொலைநோக்கியில் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “தேறிட்டா” என்று கையெழுத்துப் போட்டார்.

நானும் பார்த்தேன். கண்ணீரில் கண்ணாடி நனைந்து, பச்சையாக ஒரு புடவை மட்டும்தான் தெரிந்தது. அதை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“அப்பா,” என்றாள் நிறைமதி, “அவங்களும் உன்னைக் கும்பிடுறாங்க.”