ஒரு முறை என்றால் ஆமாம்

மதியத் தூக்கத்திலிருந்து விழித்தபோது செங்கோட்டையனின் இடது கட்டைவிரலில் ஊதா மை ஒட்டியிருந்தது.

பக்கவாதம் வந்த பதினான்கு மாதமாக அந்த விரல் தானாக எதையும் தொட்டதில்லை. கண்களைத் தவிர உடம்பில் எதுவும் அசையாது, பேச்சும் போய்விட்டது. சிங்காநல்லூர் வீட்டின் பின்னறையில், டெட்டால் வாசனையும் மூத்திர வாடையும் கலந்த காற்றில், தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிடுவதைக் கேட்டபடி, யாராவது வந்து முகத்துக்கு நேரே நிற்பார்களா என்று கதவையே பார்த்துக் கிடப்பதுதான் அவருடைய பகல். மகன் சுரேந்தர் வருவான், மூத்திரப் பையை மாற்றுவான், செல்போனைப் பார்த்தபடியே போய்விடுவான். மருமகள் புவனா மட்டுந்தான் அவரிடம் எதையாவது கேட்பாள். ஒரு முறை கண் சிமிட்டினால் ஆமாம். இரண்டு முறை என்றால் வேண்டாம். அவள் கண்டுபிடித்த பாஷை அது.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். கூடத்தில் தணிந்த குரல்கள்.

"அப்பாவே கைநாட்டு வெச்சுக் குடுத்துட்டாருங்க" என்றான் சுரேந்தர்.

"இருந்தாலும் நேர்ல கேக்கோணுங்க. சட்டம் அப்படிங்க" என்றது ஒரு புதுக் குரல்.

சட்டம். போன மாதம் டிவியில் சொன்னார்கள். தீராத நோயாளி விரும்பிக் கேட்டால், வலியில்லாமல் போய்ச்சேர ஒரு ஊசி. புவனா அன்று சட்டென்று சேனலை மாற்றிவிட்டாள்.

சுரேந்தர், புவனா, அந்தப் புதுக் குரல்காரர் மூவரும் உள்ளே வந்தார்கள். அதிகாரி கோபாலசாமி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சாந்தமான முகம். மடியில் கோப்பு. கண் சிமிட்டும் கணக்கைப் புவனா அவருக்குச் சொன்னாள்.

"ஏனுங்கய்யா, ஊசி போட்டுக்கச் சம்மதந்தானுங்களே? அவசரமில்லீங்க."

செங்கோட்டையன் சிமிட்டினார். உடனே மறுபடியும் சிமிட்டினார்.

அதற்குள் அதிகாரி கோப்பின் மேல் குனிந்திருந்தார். பேனா கீறியது.

புவனா பார்த்தாள். இரண்டையும் பார்த்தாள்.

"இன்னொருக்கா கேட்டு எழுதிப்போட்டாப் போதும்ங்க. சம்மதந்தானுங்களே?"

வேண்டாம் என்று சொல்வதற்கும் முதலில் ஆமாம் சொல்லியாக வேண்டும். அது இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

சிமிட்டக் கூடாது.

கண்களை அகல விரித்தார். மின்விசிறிக் காற்று நேராக விழுந்தது. எரிச்சல். நீர். விரித்தே வைத்திருந்தார். சுரேந்தர் சுவரைப் பார்த்தான். அதிகாரி காத்திருந்தார்.

"கண்ணு எரியுதுங்களா மாமா?"

புவனா குனிந்தாள். சோப்பு மணக்கும் கை. குழந்தையைத் தூங்கவைப்பதுபோல, மெதுவாக, அவருடைய இமைகளைக் கீழே நீவிவிட்டாள்.

இருட்டு.

பேனா கீறும் சத்தம்.

அவள் கையை எடுக்கவில்லை.